பஸ்ஸுக்காக விட்டுப்போன கடைசிக் காட்சி

தினேஷ் கண்ணா,

ஹாலில் வாய் திறந்து கிடக்கும் உன் இரண்டு பெட்டிகளையும் தாண்டித் தாண்டித்தான் நாலு நாளாக இந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். உன் அப்பா தினமும் வேலையிலிருந்து வந்ததும் பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்க்கிறார். நிவேதா உன் ஹெட்போனைத் தனக்கு விட்டுவிட்டுப் போகச் சொல்லிச் சண்டை போடுகிறாள். நான் மட்டும்தான் எதையும் நேராகப் பேசாமல், பருப்புப் பொடியை எந்த டப்பாவில் வைப்பது என்று உன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, அதனால்தான் டப்பாவைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது உனக்கும் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் என்ன நடந்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ சரி என்று சொன்னதால்தான் மற்றவர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். நம் அபார்ட்மென்டிலேயே இதைப் படிக்க வேண்டிய அம்மாக்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள் என்று நீதான் சொன்னாய்.

நீயும் நிவேதாவும் ‘அம்மா படம்’ என்று பெயர் வைத்த அந்தப் படத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அதன் உண்மையான பெயரை இங்கே எழுதப்போவதில்லை. யாராவது தேடிப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான். நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது கிருஷ்ணகிரியில் ஓடிய படம். பள்ளிக்கூடம் படிக்கும் ஒரு பையன், ஒரு பெண். பையன் என்.சி.சி.யில் இருப்பவன், பெண் தலைமையாசிரியரின் மகள். ஏரிக்கரை வழியாக இரண்டு பேரும் தனித்தனி சைக்கிளில் போவார்கள். அவன் மணி அடித்தால் அவள் பதிலுக்கு மணி அடிப்பாள், அவ்வளவுதான் அவர்களுடைய காதல். சனிக்கிழமை தையல் வகுப்புக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, நானும் என் சிநேகிதி அமுதாவும் பஸ் ஏறிப் போய் அதைப் பார்ப்போம். ஒரே தையல் வகுப்பு மூன்று வாரம் ஓடியது. எங்கள் வயதில், எங்களைப் போலவே எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணைத் திரையில் அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பயப்பட்டபோதெல்லாம் நான் அமுதாவின் கையைக் கிள்ளினேன்.

ஆனால் மேட்னி முடிவதற்குள் எங்கள் ஊர் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் இருட்டிவிடும், வீட்டில் தெரிந்துவிடும். அதனால் அந்தப் பெண்ணை அவள் அப்பா வேறு ஊருக்கு அனுப்பிவைக்கும் காட்சி வந்தவுடன் நாங்கள் எழுந்து ஓட வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில்தான் எழுந்தோம். கடைசியில் ஒரு வாரம் அமுதா கிருஷ்ணகிரியில் இருந்த அவள் மாமா வீட்டில் தங்கி முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூட சைக்கிள் ஷெட்டில் அவளைப் பிடித்து உலுக்கினேன். “முடிவு என்னடி?” அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அந்த ஹெட்மாஸ்டர் ஏரிக்கரைக்கு வந்து அந்தப் பையன் தோள்ல கை போடுறாரு. ரெண்டு பேரும் நல்லாப் படிங்க, அப்புறம் வாங்கன்னு சொல்றாரு. கடைசில ரெண்டு பேரும் ஒரே பஸ்ல காலேஜ் போறாங்க.” எனக்கு அன்று முழுவதும் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொன்னேன். பெங்களூர் ஹெப்பகோடியில் நாம் இருந்த ஒற்றை அறை வீடு நினைவிருக்கிறதா? அப்பாவுக்கு ஷிஃப்ட் உள்ள நாட்களில், கரண்ட் போனால், நான் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு முழுப் படத்தையும் நடித்துக் காட்டுவேன். பாட்டு எல்லாம் நானே. சைக்கிள் மணிக்கு நீ ஸ்பூனால் டம்ளரைத் தட்டுவாய். ஹெட்மாஸ்டர் தோளில் கைபோடும் இடம் வந்தால், குழந்தையாக இருந்த நிவேதா கைதட்டுவாள். நீ மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பாய், “பஸ்ல ஜன்னல் சீட்டு யாருக்கு?” நான் ஒரு நாள் பையனுக்கு என்பேன், இன்னொரு நாள் பெண்ணுக்கு என்பேன். அந்தப் படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. டிவியிலும் வந்ததாகத் தெரியவில்லை. முழுக்கத் தெரிந்த படத்தை யார் தேடுவார்கள்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த வருஷத்துக்கு வருகிறேன். உனக்கு வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. நீ மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்ததை நான் கவனித்தேன் என்று சொல்ல ஆசைதான். கவனிக்கவில்லை. மருந்து பேக்கிங் செக்‌ஷனில் நாள் முழுவதும் அட்டைகளில் குறை தேடுவதுதான் என் வேலை. ஒரு மாத்திரை உடைந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. வீட்டுக்கு வந்தால் “சாப்டியா?” என்று உன்னைக் கேட்பேன். “ஆச்சும்மா” என்பாய். அதோடு உன்னைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். நிவேதாதான் ஒரு நாள் சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். “அம்மா, அண்ணா பாத்ரூம்ல டேப்பைத் திறந்து விட்டுட்டு அழறான்.” அவளுக்கு அப்போது பதிமூன்று வயது.

நான் உன்னைக் கேட்டேன். நீ கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டே இரண்டே வரியில் சொல்லிவிட்டாய். கூட வேலை பார்த்த ஒரு பெண், காலேஜிலிருந்தே பழக்கம், அவள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “அவ மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா, இதைப் பத்திப் பேச வேணாம்” என்றாய். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படி ஒரு விஷயத்தைப் பேசியதில்லை. வேறொரு பெண் கிடைப்பாள் என்று சொன்னால் கோபப்படுவாய், அழாதே என்று சொன்னால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். அப்போதுதான் நிவேதா, யாரோ ‘அம்மா படம்’ முழுவதையும் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்கு வழி கிடைத்துவிட்டதுபோல் இருந்தது. நான் சொல்லத் தெரியாததை அந்த ஹெட்மாஸ்டர் சொல்லட்டும். தோளில் கை போட்டு, படி, அப்புறம் பார்க்கலாம், வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்று அவர் சொன்னால் நீ கேட்பாய் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா ஷிஃப்டில் இருந்தார். வெங்காயப் பக்கோடா போட்டேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். நிவேதா உன் காலைப் பிடித்து இழுத்து சோபாவில் உட்காரவைத்தாள். படம் தொடங்கியதும் கொஞ்ச நேரத்தில் உன் முகம் மாறியது. அந்த ஹீரோவின் தலைமுடியைப் பார்த்துச் சிரித்தாய். “இவனுக்காகவா நீ தையல் கிளாஸை கட் அடிச்ச?” என்றாய். பாட்டு வந்ததும் நான் கூடவே பாட, “அம்மா, ஒரிஜினலைக் கேக்க விடும்மா” என்று நிவேதா என் வாயைப் பொத்தினாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நீ பக்கோடாவை இரண்டாவது தடவை எடுத்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு நல்ல யோசனை செய்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ளாத குறை.

அப்புறம் அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பும் காட்சி வந்தது. நாங்கள் எழுந்து ஓடும் இடம். “இதுக்கு மேல நானும் இப்பதான் பார்க்கப்போறேன்” என்று பெருமையாகச் சொன்னேன். பையன் ஏரிக்கரைக்கு வந்தான். சைக்கிளைச் சாய்த்து வைத்தான். ஹெட்மாஸ்டர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. பையன் ஒரு தடவை மணி அடித்தான். பிறகு தொப்பியைக் கழற்றினான். ரிமோட்டைத் தேடினேன். அது நிவேதாவுக்கு அடியில் இருந்தது. “எடுடி, கரண்ட் பில் ஏறுது, நிறுத்தலாம்” என்று ஏதோ உளறினேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “விடும்மா, பார்க்கலாம்” என்றாய். அவன் தண்ணீருக்குள் இறங்கினான். நடுவில் அவன் வீட்டைக் காட்டினார்கள். அவன் அம்மா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஏரி. தொப்பி மட்டும் மிதந்தது. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

நிவேதா, “என்னம்மா இது, வேற படமா?” என்றாள். நீ எழுந்தாய். செருப்பைப் போட்டாய். “கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்” என்றாய். உன் குரலில் ஒன்றும் இல்லை, தினேஷ். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கதவு சாத்திய பிறகு, இரு, அவனைக் கொஞ்சம் தனியாக விடு, பின்னாலேயே ஓடினால் எரிச்சல்படுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கோடாத் தட்டைக் கழுவப் போனேன். தட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்பது மனதில் உறைத்தபோது கையிலிருந்து அது சிங்க்கில் விழுந்தது. உன் போனுக்கு அடித்தேன். அது ஹாலில் சார்ஜரில் கிடந்து அடித்தது.

லிஃப்டுக்கு நிற்காமல் படியிறங்கிக் கீழே ஓடினேன். கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம் நீ எந்தப் பக்கம் போனாய் என்று கேட்டேன். “நிம் மகனா? கெரெ கடெ ஹோதுரு மேடம், ஈக தானே” என்றார். இப்பத்தான் ஏரிப் பக்கம் போனார் என்கிறார்; கன்னடத்தில் கெரெ என்றால் ஏரி. எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எத்தனையோ தடவை கேட்ட சொல். அன்று அது என் காதில் விழுந்தபோது கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதர் எழுந்து வந்து, “ஏனாய்து?”, என்ன ஆச்சு என்று கேட்டது பின்னாலேயே கேட்டது. நான் ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் வீட்டிலிருந்து ஏரி எவ்வளவு பக்கம் என்று உனக்குத் தெரியும். அன்று அது நகர்ந்து நகர்ந்து தள்ளிப் போனது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டம். தள்ளுவண்டிகள், ஷேர் ஆட்டோக்கள், சம்பளம் வாங்கித் துணி எடுக்க வந்திருந்த பையன்கள். எல்லாப் பையன்களும் உன் உயரத்திலேயே இருந்தார்கள். நீல சட்டையெல்லாம் உன் சட்டையாகத் தெரிந்தது. ஒருவனின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அவன் “என்ன ஆன்ட்டி?” என்றான். அப்போது எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? நான்தான் உட்காரவைத்துக் காட்டினேன். பக்கோடா போட்டுக் கொடுத்துக் காட்டினேன். விரக்தியில் இருக்கிற பிள்ளைக்கு வழி தெரியாமல் இருந்தது, அதை நானே படம் போட்டுக் காட்டிவிட்டேன். இதை நினைத்துக்கொண்டேதான் ஓடினேன். அந்தப் படத்தை எடுத்தவர்களைத் திட்டினேன். அதைத் தேடிப் போய்ப் பார்த்த என்னையும், கைதட்டிய தியேட்டரையும் திட்டினேன். காதல் கைகூடாவிட்டால் சாவதுதான் பெரிய அன்பு என்று எத்தனை படத்தில் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம். எங்களுக்கு அது பாட்டோடு சேர்ந்த சோகம். எங்கள் பிள்ளைக்கு அது என்னவாக இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஏரியின் கேட்டுக்குப் பக்கத்தில் வேர்க்கடலை விற்கும் அம்மாவிடம் நின்றேன். எனக்குத் தெரிந்த கன்னடம் எல்லாம் அந்த நேரத்தில் போய்விட்டது. தமிழிலேயே, நீல சட்டை போட்ட பையன் யாராவது வந்தானா என்று கேட்டேன். அவர் தமிழிலேயே பதில் சொன்னார். “நீல சட்டையா? டெய்லி வருமே, அந்தத் தம்பியா? அதோ, படிக்கட்டாண்ட பாரும்மா.” டெய்லி வருமே. தினேஷ், அந்த ஒரு சொல்லை நான் இன்னும் முழுசாக விழுங்கவில்லை. நான் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, சாப்டியா என்று உன்னைக் கேட்பதற்கு முன்னால், ஒவ்வொரு நாளும் நீ அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாய். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

படிக்கட்டுக்குப் போனேன். மேல் படியில் உன் செருப்பு மட்டும் இருந்தது. நான் கத்தினேனா, பெயர் சொல்லிக் கூப்பிட்டேனா, எனக்கு நினைவில்லை. கீழ்ப் படியிலிருந்து நீ திரும்பிப் பார்த்தாய். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் உனக்கு இரண்டு படி கீழே இருந்தது. “என்னம்மா? ஏன் இப்படி மூச்சு வாங்குற? யாருக்கு என்ன ஆச்சு?” என்றாய். நான் இறங்கி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலில் ஒரு செருப்புதான் இருந்தது, மற்றது எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

அந்த இடத்தில் நான் பேசியது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சுற்றி வளைக்கத் தெம்பு இல்லாததால் வந்தது. “நேரா கேக்குறேன், நேரா சொல்லு. செத்துப்போயிடலாம்னு நினைச்சியா?” என்றேன். அந்தச் சொல்லை வாயில் எடுத்தாலே நடந்துவிடும் என்று வளர்க்கப்பட்டவள் நான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ தண்ணீரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போல் இருந்தது.

“சாகணும்னு இல்லம்மா. ஆனா காலைல கண்ணு முழிச்சா, எதுக்கு எந்திரிக்கிறோம்னு இருக்கு.”

“எவ்வளவு நாளா?”

“அவ போறதுக்கு முன்னாடியிலேர்ந்தே. எல்லாரும் அவளாலன்னு நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அவளால இல்லம்மா. இப்படி இருக்கிறவன்கூட இருக்க முடியாமதான் அவ போனா.”

“ஏன்டா என்கிட்ட சொல்லல?”

“எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரில.”

அப்புறம் நீயே சொன்னாய். அந்தப் பையன் தண்ணீரில் இறங்கியது உன்னை ஒன்றும் செய்யவில்லை என்று. “அதெல்லாம் டிராமாம்மா. ஆனா நடுவுல அவங்க அம்மாவைக் காட்டினாங்கல்ல, தட்டை வச்சுட்டு உக்காந்திருந்தாங்கல்ல. அதுக்கு மேல உன் பக்கத்துல என்னால உக்கார முடியல. அதான் எந்திரிச்சு வந்துட்டேன்.” நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அறிவுரை நூறு வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சரியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று. இருட்டும் முன் எழுந்து, எனக்கு மிஞ்சிய ஒற்றைச் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, உன் செருப்பில் ஒன்றை நான் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு காலை வெறுங்காலாக வைத்து நடந்து வந்தோம். கடலை விற்கும் அம்மா நம்மைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டில் நிவேதா அழுது அழுது அப்பாவுக்குப் போன் செய்திருந்தாள். அவர் கம்பெனி யூனிஃபார்மோடு, கையில் கிரீஸோடு, பாதி ஷிஃப்டில் ஓடி வந்திருந்தார். மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால், வேலை இல்லாதவன் பேச்சு என்று சொல்கிற ஆள் அவர். அவர் என்ன சொல்வாரோ என்று எனக்கு அடுத்த நடுக்கம். நான் ஏரிக்கரையில் கேட்டதையும் நீ சொன்னதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தன் கையையே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு உன்னைப் பார்த்து, “நாளைக்கு லீவு போடுறேன். டாக்டர்கிட்ட போலாம். நீ வரலைன்னாலும் தூக்கிட்டுப் போவேன்” என்றார். டாக்டர் உன்னிடம் மட்டும் தனியாகப் பேச வேண்டும் என்றதும் அவருக்குக் கோபம் வந்ததும், பிறகு ஒவ்வொரு முறையும் பைக்கில் உன்னை இறக்கிவிட்டு, பார்க்கிங்கிலேயே நின்றுகொண்டிருந்ததும் உனக்குத் தெரியும். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை. சில நாள் நன்றாக இருந்தாய், சில நாள் இல்லை. ஒரு நாள் காலையில் சாம்பாரில் உப்பில்லை என்று எரிந்து விழுந்தாய். நான் சமையலறைக்குள் போய் நிம்மதியாக அழுதேன். உப்பு இல்லாதது உனக்குத் தெரிந்து எவ்வளவு நாளாகியிருந்தது!

அதற்கெல்லாம் பிறகு ஒரு நாள் ஓசூரில் இருக்கும் அமுதாவுக்குப் போன் செய்தேன். மனதில் அவள் மேல் கோபம் இருந்தது. “ஏன்டி பொய் சொன்ன?” என்று எடுத்த எடுப்பில் கேட்டேன். எதைப் பற்றி என்று அவள் கேட்கவே இல்லை. “கடைசில பார்த்துட்டியா?” என்றாள். பிறகு சொன்னாள். “அந்த வாரம் உங்கப்பா உன்னை ஸ்கூலை விட்டு நிறுத்தறேன்னு சொல்லியிருந்தாரு. நீ சைக்கிள் ஷெட்ல உக்காந்து என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? படிப்பு இல்லைன்னா இருந்து என்ன பண்றதுன்னு சொன்ன. அதைக் கேட்டுட்டு நான் போய் அந்தப் படத்தோட முடிவைப் பார்த்தேன். எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் இல்ல. உனக்கு எப்படிடி சொல்றது? வாய்க்கு வந்த முடிவைச் சொன்னேன். அதை நீ புள்ளைங்களுக்கெல்லாம் சொல்லுவேன்னு கண்டேனா?”

என் அப்பா பிறகு மனம் மாறி என்னைப் பன்னிரண்டு வரை படிக்கவிட்டார். நான் அப்படிச் சொன்னேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தன் சிநேகிதியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருக்கிறாள். பெற்றவள் நான் உன்னை அப்படிப் பார்க்கவில்லை. அமுதா செய்தது சரியா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் பொய் சொல்லாவிட்டால் அந்தப் படத்தை உங்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்க மாட்டேன், அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டும் காட்டியிருக்க மாட்டேன். போட்டுக் காட்டாவிட்டால் நான் ஓடியிருக்க மாட்டேன், உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவும் மாட்டேன். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, உன் பள்ளிக்கூட நாட்களில் நீ பார்த்துச் சிரித்த படங்களைக் காட்ட ஆசைப்பட்டால், தாராளமாகக் காட்டு. அதைவிடச் சந்தோஷம் இல்லை. முதலில் தனியாக உட்கார்ந்து முழுக்கப் பார்த்துவிடு. காட்டும்போது திரையைப் பார்க்காதே, பிள்ளைகளின் முகத்தைப் பார். அவர்கள் எந்த இடத்தில் எழுந்து போகிறார்கள் என்று பார்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நிவேதா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, போனைக்கூட எடுக்கவில்லை. உனக்கு விசா வந்த வாரம் அது. அவளிடம் பேசிவிட வேண்டும் என்று துணிக்கூடையோடு அவள் அறை வாசல் வரை வந்தேன். உள்ளே நீ இருந்தாய். கதவு பாதி திறந்திருந்தது. “நிவி, நேரா கேக்குறேன், நேரா சொல்லு” என்று நீ சொல்வது கேட்டது. நான் ஏரிக்கரையில் உன்னிடம் கேட்ட அதே கேள்வியை, அதே சொற்களால், நடுங்காமல் நீ அவளிடம் கேட்டாய். அவள், “ச்சீ, இல்லண்ணா! பிசிக்ஸ்ல பெயிலு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரில” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நீ சிரித்தாய், “நான் சொல்றேன் வா” என்றாய். கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். பெயில் ஆனதைக் கேட்டு எந்த அம்மாவும் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

இந்த வீட்டில் இனி யாருக்கு என்றாலும் கேட்க ஆள் இருக்கிறது. அப்பாவே கேட்பார், கொஞ்சம் சத்தமாகக் கேட்பார். ஆனால் நீ போகிற ஊரில் குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடுமாம். பல நாள் வெயிலே வராதாம். நான் போனில் சாப்டியா என்று கேட்பேன், நீ ஆச்சு என்பாய், இரண்டு பேரும் பழைய பழக்கத்துக்குப் போய்விடுவோம் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் முகத்தைப் பார்த்து உன்னிடம் நேராகக் கேட்கக்கூடிய ஒருவரின் பெயரை அந்த ஊரில் கண்டுபிடி. கூட வேலை செய்பவராக இருக்கலாம், அறை நண்பனாக இருக்கலாம், அங்கே உள்ள டாக்டராக இருக்கலாம். எந்த மொழி பேசினாலும் பரவாயில்லை. அவரிடம் நீயே முதலில் சொல்லி வை. சொன்ன பிறகு பெயரை எனக்கு அனுப்பு. அது வரும்வரை நான் நச்சரித்துக்கொண்டேதான் இருப்பேன், கோபித்துக்கொள்ளாதே.

பருப்புப் பொடியைப் பெரிய டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

உன் அம்மா